இமெல்டாவிடம் இருந்த திறப்பு

இமெல்டாவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. எங்கள் குடியிருப்பில் இப்போது அவளுடைய பெயரைச் சொன்னால் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பட்டும். அவளுடைய வாசற்படியை மிதிக்கும் யோக்கியதை அந்த முகங்களில் ஒன்றுக்கும் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் பெயர் மார்த்தா. வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள். மன்னார்த் தீவில், நகரம் முடிகிற இடத்தில், அறுபத்து நான்கு வீடுகள் உள்ள குடியிருப்பில் இருக்கிறேன். பாதிப் பேர் என்னைப்போல இந்திய அகதி முகாம்களில் இருந்து திரும்பி வந்தவர்கள். மற்றவர்கள் மலையகத்தில் இருந்து வந்து கூலி வேலை செய்பவர்கள், கொஞ்சம் முஸ்லிம் குடும்பங்கள். நகரத்து ஆட்கள் எங்களைக் கடைசி ஒழுங்கைக்காரர் என்பார்கள்.

அந்த ஒழுங்கைதான், அந்த ஒடுங்கிய பாதைதான், எல்லாவற்றுக்கும் காரணம். நண்டுக் கம்பனியில் இருந்து எங்கள் வீடுகளுக்கு வர அதைவிட்டால் கடற்கரையால் சுற்றி வர வேண்டும், இரண்டு மடங்கு தூரம். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் உடைமரப் பற்றைக் காடு. மின்கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை. நாங்கள் நாற்பது பெண்கள் அந்தக் கம்பனியில் அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிறோம். ஏழு மணிக்கு வேலை விட்டு வரும்போது முகம் தெரியாத இருட்டு. ஹெல்மெட் போட்ட இரண்டு பேர், இலக்கத் தகடு இல்லாத மோட்டார் சைக்கிளில் வருவார்கள். பின்னால் இருக்கிறவன் கையை நீட்டுவான். சங்கிலி, தோடு, போன், கைப்பை, எது அகப்பட்டாலும் சரி. இரண்டு வருடமாக இதுதான் நடந்தது. நாசமாய்ப் போகிறவர்கள் கிழமைக்கு ஒரு தரமாவது வந்தார்கள்.

இமெல்டா பிறந்தது முள்ளிக்குளத்தில். பன்னிரண்டு வயதில் படகேறி, மண்டபம் முகாமில் இருபது வருடம் இருந்தாள். அங்கேயே இராசேந்திரத்தைக் கட்டினாள். அவர் கட்டிடங்களுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலைக்குப் போய், ஒரு நாள் சாரத்தில் இருந்து விழுந்து செத்துப்போனார். பத்து வயது மகன் கஜீபனைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அந்த நேரம் முள்ளிக்குளத்துக்குப் போக வழியில்லை, கடற்படை இருந்தது. எங்களோடு இங்கே காணி கொடுத்தார்கள். கம்பனியில் நான் பதினாலாம் மேசை, அவள் பதினைந்தாம் மேசை. பன்னிரண்டு வருடம் அவளுடைய முழங்கை என்னுடைய முழங்கையில் இடித்துக்கொண்டே இருந்தது.

கதை குறைவு அவளுக்கு. யாராவது ஒருத்தி மற்றவளைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தால், "அதை ஏன் எனக்குச் சொல்லுறாய், அவளிட்டையே போய்ச் சொல்லு" என்று நண்டோட்டைத் தட்டுவாள். எரிச்சலாக இருக்கும். ஆனால் எங்களில் எவளுக்கும் ஒரு சங்கதியை ஒப்படைக்க வேண்டும் என்றால் கால் அவளிடம்தான் போகும்.

ஒழுங்கை தொடங்கும் இடத்தில் அந்தோனியாருக்கு ஒரு சின்னக் கெபி இருக்கிறது. ஓர் ஆள் உயரம்தான், உள்ளே புனிதரின் சுருவம், கீழே ஒரு மன்றாட்டுப் பெட்டி. அதைக் கூட்டித் துடைப்பது இமெல்டா. அதனால் பங்குச் சுவாமியார் பெட்டிப் பூட்டின் திறப்பை அவளிடமே கொடுத்து வைத்திருந்தார். கறுப்பு நூலில் கட்டி, தன் செபமாலையோடு கழுத்தில் போட்டிருப்பாள்.

தொலைந்துபோன பொருளை அந்தோனியாரிடம் கேட்பது எங்கள் கரைப் பக்கத்துப் பழக்கம். வேதக்காரர் மட்டுமல்ல, எல்லாரும்தான் கேட்பார்கள். என்ன தொலைந்தது, எப்போது, எங்கே, யார் மேல் சந்தேகம், எல்லாவற்றையும் ஒரு காகிதத் துண்டில் எழுதி, எட்டாக மடித்துப் பெட்டியில் போட வேண்டும். ஆனி பதின்மூன்று, அவருடைய திருநாளன்று, அத்தனையையும் சட்டியில் போட்டுச் சாம்பிராணியோடு எரிப்பாள் இமெல்டா. ஒன்றையும் விரித்துப் பார்த்ததில்லை. காற்றில் ஒன்று தானாக விரிந்தால்கூட முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு பொறுக்குவாள்.

சந்தேகப்படுகிற பெயரை எழுதுவதை நாங்கள் கோள் சொல்வதாக நினைத்ததே இல்லை. புனிதருக்குத் தெரியாததா? பெயர் பிழை என்றால் அவர் அதை அப்படியே விட்டுவிடுவார், அவ்வளவுதான். பொலிசுக்குப் போனால் அப்படியா? அடையாள அட்டை எங்கே, காணிப் பத்திரம் எங்கே, இந்தியாவில் இருந்து எப்போது வந்தாய், எந்தப் படகில் வந்தாய். சங்கிலியைப் பறிகொடுத்தவள் தன் முழு வரலாற்றையும் ஒப்புவிக்க வேண்டும், ஒரு நாள் வேலையும் போய்விடும். அந்தோனியார் பத்திரம் கேட்பதில்லை. அதனால் இரண்டு வருடக் களவும் அந்தப் பெட்டிக்குள் போய் விழுந்தது.

என்னுடையதும் விழுந்தது. ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை என் தாலிக்கொடி போனது. என் மனுசன் இருக்கும்போதே இரண்டு தரம் அடகுக்குப் போய்த் திரும்பி வந்த கொடி அது. இழுத்த வேகத்தில் கழுத்தில் தோல் உரிந்தது. மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில், இழுத்தவனுடைய கையில் சிவப்பு நூல் கட்டியிருந்ததைக் கண்டேன். கஜீபனும் கையில் சிவப்பு நூல் கட்டியிருந்தான். அவனுக்கு அப்போது இருபத்து இரண்டு வயது, ஐஸ் கம்பனியில் வேலை, இடைக்கிடை அரிப்புக் கிராமத்துக்குப் போய்க் கடல் தொழிலும் செய்வான். அதற்கு முதல் நாள்தான் குழாயடியில் எனக்கும் இமெல்டாவுக்கும் வாய்த்தர்க்கம். வயிறு பற்றி எரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். கம்பனியில் நண்டு நிறை எழுதித் தருகிற துண்டு மடியில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினேன்: 'அந்தோனியாரே, என் கொடியை இழுத்தவன் இமெல்டாவின் கஜீபன் என்று நினைக்கிறேன்.' மடித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் தெரிய வந்தது, அவன் அந்தக் கிழமை முழுக்க அரிப்பில் படகில் இருந்தானாம். வெட்கமாகப் போய்விட்டது. இமெல்டாவிடம் பெட்டியைத் திற, ஒரு துண்டை எடுக்க வேண்டும் என்று எப்படிக் கேட்பது? ஏன் என்று கேட்பாளே. போகட்டும், ஆனியில் எரிந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

கார்த்திகையில் கிருஷிகா விழுந்தாள். எங்களோடு நண்டு உடைக்கிற மலையகத்துப் பிள்ளை, கலியாணம் முடித்து ஒரு வருடம். கைப்பை வாரைக் கழுத்துக்குக் குறுக்கே போட்டிருந்தாள். பையை இழுத்தபோது வார் அறவில்லை. பிள்ளையை இருபது முப்பது அடி இழுத்துக்கொண்டு போனார்கள். தோள் எலும்பு உடைந்தது. மூன்று மாதக் கருவும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு வந்த அன்று, பேசாத இமெல்டா பேசினாள்.

"நாளைக்கு ஒருத்தரும் வேலைக்குப் போறேல்ல. எல்லாரும் பிரதேச சபைக்குப் போவம். லைற் போடு, பற்றையை வெட்டு, பின்னேரத்தில ஒரு பொலிஸ்காரனை நிப்பாட்டு. இந்த மூண்டும் கேப்பம். தாறன் எண்டு சொல்லும்வரைக்கும் எழும்பி வாறேல்ல."

கிருஷிகாவைத் தவிர எல்லாரும் போனோம். சபைக் கந்தோரின் வாசலில் பன்னிரண்டு மணி வெயிலில் குந்தினோம். உள்ளே இருந்து வந்தவன் அமல்ராஜ், எங்கள் வட்டாரத்து உறுப்பினர். இவனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இவனும் மண்டபம் முகாமில் வளர்ந்தவன்தான். தாய் காசநோயில் கிடந்தபோது இமெல்டாவின் அடுப்பில் சாப்பிட்டவன். வாக்குக் கேட்டு வந்தபோது, "நான் உங்கட பிள்ளை, உங்கட முகாம், உங்கட ஒழுங்கை" என்று அழுதான். நாங்களும் சேர்ந்து அழுதுவிட்டுப் போய்ப் போட்டோம்.

"அக்கா, எனக்கு விளங்குது," என்றான். "ஆனா சபையில கேப்பினம், பொலிசில எத்தினை முறைப்பாடு எண்டு. நான் பார்த்தனான். ரெண்டு வருஷத்தில ரெண்டே ரெண்டு. ரெண்டு முறைப்பாட்டுக்குப் பன்னிரண்டு லைற் எப்பிடிக் கேக்கிறது?"

"ரெண்டில்ல தம்பி," என்றாள் இமெல்டா. "அந்தோனியாரிட்ட இருக்கு."

என் துண்டும் அதற்குள்தான் கிடந்தது. அமல்ராஜின் முகம் மலர்ந்தது.

"அக்கா, அதுதான் சாட்சி. இந்தச் சபையில இப்பிடி ஒண்டை ஒருத்தரும் கொண்டுவந்திருக்கமாட்டினம்."

"எழுதினவையைக் கேக்காமத் தரேலாது. கேட்டு, என்ன போனது, எப்ப போனது எண்டு பட்டியல் எழுதித் தாறன்."

"பட்டியலும் வேணும், துண்டும் வேணும். பட்டியலை ஆரும் இருந்து எழுதலாம் எண்டு சொல்லுவினம். துண்டைக் கண்ணால கண்டாத்தான் வாய் மூடுவினம். ஒண்டையும் விரிக்கமாட்டன் அக்கா. மடிச்சபடி மேசையில வைப்பன், எண்ணிக் காட்டுவன், மடிச்சபடி திருப்பித் தருவன். அந்தோனியார் மேல ஆணை."

இமெல்டா ஆணையை நம்புகிற ஆள். மூன்று நாள் வீடு வீடாக நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே கேள்வி: பெட்டியில் போட்டாயா, போட்டதைச் சபைக்குக் கொடுக்கச் சம்மதமா? எல்லாரும் சம்மதித்தார்கள். கிருஷிகாவுக்கு நடந்ததைக் கண்ட பிறகு எவள் மறுப்பாள்? தாங்கள் எழுதிய பெயர்களை ஒருத்தியும் யோசிக்கவில்லை. மடித்துப் போட்டால் அது புனிதருடையது என்பதில் அவ்வளவு நம்பிக்கை.

நான் யோசித்தேன். என் வாசலுக்கு அவள் வந்தபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மார்த்தா, நீயும் கொடிக்கு எழுதிப் போட்டனீ எல்லோ. குடுக்கட்டோ?"

அப்போதே சொல்லியிருந்தால் ஒரு நாள் சண்டையோடு போயிருக்கும். ஒரு கிழமை கதைக்காமல் இருந்திருப்பாள். பிறகு மேசையில் முழங்கை இடித்திருக்கும்.

"ஓம், குடு," என்றேன்.

போன ஆனிக்குப் பிறகு விழுந்தவை மட்டும் நாற்பத்தொரு துண்டுகள். நண்டுக் கம்பனித் துண்டு, பிள்ளைகளின் கொப்பித் தாள், சிகரெட் பெட்டி மட்டை. வெள்ளைத் துணியில் கட்டி, அவள் கையாலேயே அமல்ராஜின் கையில் கொடுத்தாள். அவன் அந்த மூட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நானும் பார்த்தேன்.

இரண்டு கிழமையில் சபையில் இருந்து ஆட்கள் வந்தார்கள். ஒழுங்கைக் கம்பங்களில் சிவப்புப் பெயின்ற்றால் ஒன்றில் இருந்து பன்னிரண்டு வரை இலக்கம் எழுதினார்கள். எங்களுக்குத் திருநாள்போல இருந்தது. யாருடைய வீட்டுக்கு எந்தக் கம்பத்தின் வெளிச்சம் விழும் என்று பெண்கள் சண்டை பிடித்தார்கள். ஏழாம் கம்பம் என் வாசல் படலைக்கு நேரே. நான் இமெல்டாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "நீ கெட்டிக்காரியடி" என்றேன். கேட்டீர்களா, என் வாயால் சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஜீப் வந்தது. ஐந்து பேரை ஏற்றினார்கள். ஐந்து பேரும் எங்கள் குடியிருப்புப் பெடியன்கள். ஐஸ் கம்பனிக்குப் போக வெளிக்கிட்டு நின்ற கஜீபனும் அதில் ஒருவன். ஏன் என்று கேட்ட தாய்மாரிடம் ஒரு பொலிஸ்காரன், "உங்கட ஆட்களே எழுதிக் குடுத்திருக்கினம்" என்று சொல்லிவிட்டு ஏறினான்.

குடியிருப்பு முழுக்க ஒரே நிமிடத்தில் எல்லாம் விளங்கியது. நாற்பத்தொரு துண்டில் ஐந்து பெயர். எழுதியவர்களுக்குத் தாங்கள் எழுதியது தெரியும். ஆனால் எழுதினேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. எல்லாருடைய வாயிலும் ஒரே ஒரு பெயர்தான் வந்தது. இமெல்டா பெட்டியை உடைத்து ஊரைக் காட்டிக்கொடுத்தாள். மூன்று நாள் வீடு வீடாக வந்து கேட்டவளைப் பற்றி, அன்று ஆடிய அதே தலைகள் இப்படிச் சொல்லின. அவளுடைய சொந்த மகனும் ஜீப்பில்தானே போனான் என்று ஒரு நாய்க்கும் தோன்றவில்லை.

நான் அவளோடு போனேன். வேறு யாரும் வரவில்லை. முதலில் அமல்ராஜின் கந்தோருக்குப் போனோம். எழும்பிக் கதிரை போட்டான், அந்த மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"விரிக்கமாட்டன் எண்டனீங்கள்," என்றாள் இமெல்டா. அவனை அவள் நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"நான் விரிக்கேல்ல அக்கா. சபையில எண்ணிக் காட்டினன். பொலிஸ் பெரியவர் வந்திருந்தவர், உள்ளுக்க என்ன இருக்கு எண்டு கேட்டார். மாட்டன் எண்டு சொல்லேலுமே? நீங்களும் பொலிஸ்காரன் வேணும் எண்டுதானே வாசலில குந்தினனீங்கள்?"

"லைற்?"

அவன் மேசையில் இருந்த பேனையை எடுத்து மூடியைப் போட்டான். "கள்ளரைப் பிடிச்சாச்சு. இனி அந்த ஒழுங்கை அவசரமில்ல எண்டு தீர்மானம். இந்த முறை கடற்கரை றோட்டுக்குப் போகுது, அங்க ஹோட்டல் வருகுது. அடுத்த முறை கட்டாயம் பாப்பம் அக்கா."

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். முகாமில் தின்ற சோற்றையும் சொன்னேன், அவனுடைய தாயின் ஆவியையும் இழுத்தேன். இமெல்டா என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். கஜீபனின் பெயரை எழுதியது நான் என்று அப்போதுகூட அவளுக்குத் தெரியாது.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன் ஒரு கோப்பை எடுத்தார். தமிழ் கொஞ்சம் கதைப்பார், கெட்ட மனுசன் இல்லை. "இந்தா அம்மா, நீங்களே பாருங்க" என்று ஒரு துண்டை மேசையில் வைத்தார். எழுதிய பக்கம் மேலே இருந்தது. தன் மகனுடைய பெயரை இமெல்டா வாசித்தாள். ஒரு துண்டை அவள் வாசித்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தரம். பிறகு மெதுவாக மற்றப் பக்கம் புரட்டினாள். கம்பனித் துண்டின் மூலையில் மேசை இலக்கம் அடித்திருக்கும். பதினாலு.

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு விரலால் அந்தத் துண்டை என் பக்கம் தள்ளினாள்.

"ஐயா, இது நான் எழுதினது," என்றேன். "கோபத்தில பிழையா எழுதிப்போட்டன். அண்டைக்கு அவன் அரிப்பில நிண்டவன்."

"அத கோர்ட்டில சொல்லுங்க," என்றார் சார்ஜன். கோப்பை மூடிவிட்டார். பதினாலாம் மேசை யாருடையது என்று கம்பனியில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஒருவரும் கேட்கவில்லை. ஐந்து பெயர் அகப்பட்டதே போதும் என்று இருந்துவிட்டார்கள்.

திரும்பி நடந்து வந்தோம். கெபிக்குக் கிட்ட வந்ததும் நின்றாள். கழுத்தில் இருந்து கறுப்பு நூலைக் கழற்றி, செபமாலையைப் பிரித்தெடுத்துவிட்டு, திறப்பை என் கையில் வைத்தாள்.

"உன்ர வாசலில நிண்டு கேட்டனான் மார்த்தா," என்றாள். "நீ ஓம் எண்டனீ."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அவள் அவ்வளவுதான் சொன்னாள்.

பத்தொன்பது நாள் உள்ளே வைத்திருந்தார்கள். நானும் போய்ச் சொன்னேன், அரிப்பில் இருந்து படகுக்காரரும் வந்து சொன்னார். ஐந்து பேரிலும் ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். அந்தப் பத்தொன்பது நாளிலும் ஒழுங்கையில் மூன்று பேரிடம் பறித்திருந்தார்கள். அதைப் பற்றிச் சபையில் யாரும் தீர்மானம் எடுக்கவில்லை. கஜீபன் கோர்ட் வாசலில் இருந்து நேரே அரிப்புக்கு பஸ் ஏறினான். "நீங்கள்தானேம்மா கொண்டுபோய்க் குடுத்தீங்கள்" என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனானாம். இன்றுவரை வீட்டுக்கு வரவில்லை.

இமெல்டா கம்பனியில் இருபத்தெட்டாம் மேசை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மாலையில் ஒழுங்கையால் வருவதும் இல்லை. கடற்கரையால் சுற்றி, தனியாக நடந்து வருகிறாள். பன்னிரண்டு கம்பத்திலும் சிவப்பு இலக்கம் மட்டும் இருக்கிறது. ஏழாம் கம்பம் என் படலைக்கு நேரே நிற்கிறது.

போன ஆனி பதின்மூன்று திருநாள். திறப்பு என்னிடம் இருப்பதால் சாம்பிராணிச் சட்டியை நான்தான் ஏற்றினேன். பூசை முடிந்து ஆட்கள் நிற்கும்போது அமல்ராஜ் மாலையோடு வந்தான். சுருவத்துக்குப் போட்டான், கும்பிட்டான், பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, பெட்டியில இந்த முறையும் ஏதும் கிடக்கோ?"

நான் பெட்டியைத் திறந்து காட்டினேன். அடித்தட்டு தெரிந்தது. ஒரு துண்டு இல்லை. அந்த மூன்று பேரும் பிறகு வேறு சிலரும் பறிகொடுத்தும் ஒருத்தியும் எழுதிப் போடவில்லை. அவன் எட்டிப் பார்த்தான்.

என் வாய் நீளம் என்று முதலே சொன்னேன். இவனுக்கென்று ஆறு மாதமாக ஒரு சொல்லை வைத்திருந்தேன். நம்பினவர்களைக் காட்டிக்கொடுத்தவன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லத்தான் நினைத்திருந்தேன். சட்டிக்கு அந்தப் பக்கம், புகைக்குப் பின்னால், இமெல்டா மெழுகுதிரியோடு நின்றாள். அவள் நிற்கிற இடத்தில் அந்தச் சொல் என் வாயில் இருந்து வரவில்லை. பெட்டியைப் பூட்டினேன்.